கதவைத் தொடும் முன் கீழே குனிந்து பாருங்கள்: ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பாடியும் குரோமும் பொருந்த ஒரு வழிகாட்டி

பழைய கார் வாங்கிப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எஞ்சினுக்கு அளவு உண்டு, புத்தகம் உண்டு, லேத் பட்டறை உண்டு. கதவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பெயிண்ட் அடித்து, குரோம் பூசி, எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு கதவு மேலே இடிக்கும். கீழே விரல் நுழையும். பக்கவாட்டுப் பட்டை பானட்டில் ஓர் உயரத்திலும் கதவில் இன்னோர் உயரத்திலும் ஓடும். அந்த நேரத்தில் எதைக் கழற்றினாலும் புதுப் பெயிண்ட் உரியும். அதனால்தான் இந்த வேலையைப் பெயிண்டுக்கு முன்னால் எப்படி முடிப்பது என்று எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றில். இடதுபுறக் கதவு பின்பக்க மேல்முனையில் உரசிக்கொண்டே இருந்தது. முதலில் கொடுத்த பட்டறையில் கதவின் விளிம்பை அரத்தால் ராவி, அந்த இடத்தில் பட்டி போட்டு, "சரியாயிடுச்சு சார்" என்று கொடுத்துவிட்டார்கள். ஆறே மாதத்தில் பட்டி பெயர்ந்தது. கதவு மறுபடி உரசியது. பிறகு புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடிப் போன இடத்தில் ஒரு வயதான டிங்கர் பாய் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கதவை விட்டுடுங்க. அது பாவம், ஒண்ணும் பண்ணல. கீழ குனிஞ்சு பாருங்க." குனிந்து பார்த்தேன். சேஸியிலிருந்து (வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து) நீண்டு பாடியைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று துருப்பிடித்துக் கீழே தொய்ந்திருந்தது. ராவிய விளிம்பை மீண்டும் இரும்பு வைத்துக் கட்ட எனக்கு ஒரு மாதம் ஆனது.

இந்தக் காரில் ஏன் இவ்வளவு கேப் (இடைவெளி)

ஹெரால்டின் பாடி ஒரே கூடாக வெல்டிங் செய்யப்பட்டதல்ல. அதற்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழுக்கூட்டைச் செய்து தர ஆள் இல்லை. அதனால் தனிச் சேஸி போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து, போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமைத்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் கார் வந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதை 948 சி.சி. எஞ்சினோடு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விற்றது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது.

முன்பாதித் தரையும் டாஷ்போர்டும் ஒரு துண்டு. பின்பாதி ஒரு துண்டு. கூரை, கதவுகள், கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பலகைகள், முன்புறம் முழுவதையும் மூடி முன்னோக்கிச் சாயும் பானட், டிக்கி மூடி எல்லாம் தனித்தனி. தொழிற்சாலையிலேயே இவற்றைத் தகடு வைத்துத் தள்ளி, இழுத்துத்தான் பொருத்தினார்கள். எல்லாத் துண்டும் நகரும் என்பது தலைவலி. ஆனால் நகரும் என்பதால்தான் சரிசெய்யவும் முடிகிறது. பத்மினியோ அம்பாசடரோ வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சேஸி இல்லை. அவர்கள் சேஸிக்குப் பதிலாகத் தரை, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி, பில்லர்களின் (கதவுக்கு முன்னும் பின்னும் நிற்கும் தூண்களின்) அடி ஆகியவற்றில் துரு பார்க்க வேண்டும். மற்றபடி கதவு, குரோம் பற்றிச் சொல்வது பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்தும்.

அவிழ்ப்பதற்கு முன்

ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் மாஸ்கிங் டேப்பையும் பேனாவையும் எடுங்கள். ஒவ்வொரு கேப்பிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் டேப் ஒட்டி, அங்கே எவ்வளவு இடைவெளி என்று அதன்மேலேயே எழுதுங்கள். பிறகு படம் எடுங்கள். ஆறு மாதம் கழித்து "இது முன்னாலேயே இப்படித்தான் இருந்ததா?" என்ற கேள்வி வரும்போது அந்தப் படம் ஒன்றுதான் பதில் சொல்லும்.

அளக்க ஃபீலர் கேஜ் (இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டியதில்லை. வெவ்வேறு கனத்தில் பிளாஸ்டிக் அல்லது பிளைவுட் பட்டைகள் போதும். நம் ஊர் டிங்கர்களும் தச்சர்களும் நூல் கணக்கில் பேசுவார்கள்: ஓர் அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்குச் சற்று மேல். ஹெரால்டுக்கு நான் வைக்கும் குறி ஒன்றரை நூல், அதாவது 4 முதல் 5 மி.மீ. வரை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே சில இடங்களில் இதைவிட அதிகம் இருந்தது. இன்றைய காரைப் போல ஒரு நூல் கேப் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். இந்த பாடி ஓடும்போது சற்று முறுகும். இடமில்லாவிட்டால் விளிம்போடு விளிம்பு உரசிப் பெயிண்ட் போகும். கேப்பின் அளவைவிட அது மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதுதான் கண்ணுக்கு அழகு.

கழற்றும்போது சேஸிக்கும் பாடிக்கும் நடுவே தகடுகளும் ரப்பர்களும் வரும். எந்த போல்ட்டில் எத்தனை ஷிம் (உயரம் சரிசெய்ய இடையில் வைக்கும் தகடு) இருந்தது என்று எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். மொத்தமாக ஒரு டப்பாவில் கொட்டினீர்கள் என்றால் காரின் நினைவையே கொட்டிவிட்டீர்கள்.

முதல் படி: சேஸி

ஹெரால்டின் சேஸி நடுவில் முதுகெலும்பு போல ஓடும். அதிலிருந்து இருபக்கமும் கைகள் நீளும். பாடி அந்தக் கைகளில்தான் உட்கார்கிறது. துரு முதலில் பிடிப்பதும் அந்தக் கைகளின் நுனியில்தான், குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு முன்னால். சேறு அங்கே போய் அடையும். கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால் உப்புக் காற்றும் சேரும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கையை மாற்றியே ஆக வேண்டும்.

சேஸி கோணலா என்று பார்க்கக் கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு போதும். வண்டியைச் சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் நான்கு போல்ட் துளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு நூலுக்குள் இருந்தால் நான் மேலே போய்விடுவேன். இரண்டு நூலைத் தாண்டினால் அங்கேயே நின்று, சேஸியை இழுத்து நேராக்கும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பாடியில் என்ன செய்தாலும் அது தீராது.

முறுக்கலும் பார்க்க வேண்டும். இரண்டு நேரான அலுமினிய சேனல்களைச் சேஸியின் குறுக்கே, ஒன்று முன்னால் ஒன்று பின்னால் வையுங்கள். பத்தடி தள்ளிக் குனிந்து ஒன்றின்மேல் ஒன்று தெரியும்படி பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் சேஸி முறுகியிருக்கிறது. ரசமட்டத்தைவிட இது எனக்கு நம்பிக்கையான சோதனை, ஏனென்றால் நம் தரை அநேகமாக மட்டமாக இருப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேப் சரிசெய்யும் வேலை முழுக்க வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இருக்க வேண்டும். முடியாவிட்டால் சக்கரங்களுக்கு மிக அருகில் ஸ்டாண்ட் கொடுத்து, எஞ்சின் எடைக்கு ஈடாக மணல் மூட்டை வையுங்கள். நடுவில் ஜாக்கி கொடுத்து நிறுத்திய சேஸியில் கதவு அழகாக மூடும்; கீழே இறக்கியதும் உரசும்.

இரண்டாம் படி: பாடியை உட்காரவைத்தல்

நகராத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹெரால்டில் அது முன்பாதித் துண்டு, அதாவது எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட். கதவும் அதில்தான் தொங்குகிறது, பானட்டும் பின்னால் வந்து அதில்தான் படிகிறது. முதலில் அதைச் சேஸியின் நடுக்கோட்டுக்கு நேராக வைத்து, போல்ட்டுகளை இறுக்குங்கள். இனி அதைத் தொடாதீர்கள்.

பழைய மவுண்ட் ரப்பர்களை, அதாவது பாடி சேஸியில் உட்காரும் இடங்களில் உள்ள ரப்பர்களை, திரும்பப் போடாதீர்கள். ஒன்று நசுங்கி இன்னொன்று தடித்திருக்கும். புதிது கிடைக்காத இடங்களில் பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டிய துண்டுகளை வைக்கிறார்கள். உள்ளே துணிப் படலம் இருப்பதால் அது பிதுங்காது. எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். டியூபை வெட்டி மடித்து வைப்பது மட்டும் வேண்டாம். இறுக்க இறுக்க அது நசுங்கிக்கொண்டே போகும்.

அடுத்துப் பின்பாதி. இங்கேதான் கதவின் தலையெழுத்து எழுதப்படுகிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கதவை மாட்டி மூடிவிட்டு, அதன் பின்விளிம்புக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள கேப்பைப் பாருங்கள்.

மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் பில்லரின் தலை முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. காரின் நடுப்பகுதி தொய்ந்து இரண்டு முனையும் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பின்பாதியின் கடைசி மவுண்டுகளில், டிக்கிக்கு அடியில், ஷிம்மைக் குறைக்க வேண்டும். அல்லது சீட்டுக்குக் கீழுள்ள நடு மவுண்டுகளில் ஷிம்மைக் கூட்ட வேண்டும். வால் இறங்கினால் பில்லரின் தலை பின்னால் போகும். மேல் கேப் திறக்கும்.

மேலே அகன்று, கீழே குறுகியிருந்தால் இதற்கு நேர்மாறு. வால் தொங்குகிறது. கடைசி மவுண்டுகளில் ஷிம்மைக் கூட்டுங்கள்.

எவ்வளவு கூட்டுவது? நடு மவுண்டிலிருந்து, பில்லரின் உயரத்தைப்போல இரு மடங்கு தூரத்தில் பின் மவுண்ட் இருந்தால், அங்கே 3 மி.மீ. கூட்டும்போது பில்லரின் தலை ஒன்றரை மி.மீ. நகரும். இந்த விகிதத்தை உங்கள் வண்டியில் டேப்பால் அளந்து தெரிந்துகொண்டால் கண்ணை மூடிக்கொண்டு தகடு வைக்க வேண்டியிராது. ஒரு நேரத்தில் ஒரு மவுண்ட் மட்டும், ஒரே ஒரு ஷிம் மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டுத்தான் கேப்பைப் பாருங்கள். தளர்ந்த போல்ட்டில் தெரியும் கேப் பொய்.

மேல்கேப்பும் கீழ்கேப்பும் ஒன்றான பிறகு முன்பாதியையும் பின்பாதியையும் சேர்க்கும் போல்ட்டுகளை இறுக்கி, கூரையையும் மாட்டிவிடுங்கள். கூரை ஏறினால் பாடி விறைக்கும். கேப் அரை மி.மீ. மாறக்கூடும். கதவுக் கண்ணாடி போய்ப் படிய வேண்டிய இடமும் கூரையில்தான் இருக்கிறது. கூரையில்லாமல் எல்லாம் சரிசெய்துவிட்டுக் கடைசியில் மாட்டுகிறவர்கள் இரண்டுமுறை வேலை செய்கிறார்கள்.

மூன்றாம் படி: கதவு

கதவைத் தொங்கவிடும் முன் இரண்டு பொருட்களைக் கழற்றி வையுங்கள். ஒன்று, சுற்றி ஓடும் ரப்பர் பீடிங். இன்னொன்று, பில்லரில் பூட்டு போய் மாட்டும் ஸ்ட்ரைக்கர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தொங்கிய கதவை ஸ்ட்ரைக்கர் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடியிருக்கும்போது கேப் நேராகத் தெரியும், திறந்ததும் கதவு ஒரு நூல் இறங்கும். பல வருடம் அப்படி ஓடிய காரில் கீலும் தேய்ந்திருக்கும், ஸ்ட்ரைக்கரும் தேய்ந்திருக்கும்.

கீல் தேய்மானத்தைப் பார்க்கக் கதவைப் பாதி திறந்து, பின்முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் கீலின் பின்னை மாற்ற வேண்டும். லேத்தில் கொடுத்துத் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, தடித்த பின் போட்டுத் தருவார்கள். இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

இனி மாட்டலாம். இரண்டு பேர் வேண்டும். கதவின் அடியில் ஜாக்கி வைத்து, அதன்மேல் மடித்த சாக்குப் போட்டால் உயரத்தை நிதானமாக ஏற்றி இறக்கலாம். இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் உயரம், பிறகு முன்பின் கேப், கடைசியாக மட்டம். வரிசை மாறினால் ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும்.

கதவின் பின்முனை தொங்கினால் பலரும் கீல் முழுவதையும் மேலே தூக்கப் பார்க்கிறார்கள். அதைவிட எளிய வழி, கீழ்க் கீலுக்கும் முன் பில்லருக்கும் நடுவே ஒரு ஷிம் வைப்பது. கீழ்முனை பின்னால் தள்ளப்பட்டால் கதவு மேல்கீலைச் சுற்றித் திரும்பும். பின்முனை மேலே ஏறும். இரண்டு கீலுக்கும் நடுவே 30 செ.மீ., கதவின் நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 1 மி.மீ. ஷிம்முக்குப் பின்முனை 3 மி.மீ. ஏறும். ஒரு பிளேடு கனம்கூட அங்கே தெரியும். பின்முனை தூக்கியிருந்தால் அதே ஷிம்மை மேல்கீலில் வையுங்கள்.

மட்டம் என்பது கதவின் மேற்பரப்பும் பக்கத்துத் தகடும் ஒரே தளத்தில் இருப்பது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கேப்பின்மேல் குறுக்கே ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். முன்னால் உள்ள தகட்டைவிடப் பின்னால் உள்ளது அரை மி.மீ. உள்ளே இருக்கலாம், வெளியே நிற்கக் கூடாது. நின்றால் ஓடும்போது காற்று அதில் அடித்துச் சத்தம் போடும்.

மேலே படிந்து கீழே வெளியே நிற்கும் கதவு உண்டு. கீலை எவ்வளவு மாற்றினாலும் தீராது, ஏனென்றால் கதவே முறுகியிருக்கிறது. மேல்மூலையில், மூடும் இடத்தில், துணி சுற்றிய ஒரு மரக்கட்டையை வைத்துக் கதவை அதன்மேல் மூடி, கீழ்மூலையை முழங்காலால் மெல்ல அழுத்துங்கள். அழுத்து, கட்டையை எடு, மூடிப் பார், மறுபடி அழுத்து. பார்க்கிறவருக்கு முரட்டு வேலையாகத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெயிண்டுக்கு முன், பொறுமையாகச் செய்தால் கதவு கேட்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓரிடத்தில் கேப் அகலமாகவே இருந்தால் விளிம்பில் இரும்பு சேர்க்க வேண்டும். மெல்லிய வெல்டிங் கம்பியை விளிம்பு நெடுக வைத்துப் புள்ளிப் புள்ளியாக, சூடு ஓரிடத்தில் சேராமல் இடம் மாற்றி மாற்றிப் பற்றவைத்து, பிறகு அரத்தால் ராவி நேராக்குங்கள். பட்டியால் விளிம்பு கட்டாதீர்கள். கதவு ஒருமுறை வேகமாகச் சாத்தப்பட்டால் போதும், உடைந்து விழும். பரப்பில்கூட 2 மி.மீ.க்கு மேல் பட்டி தேவைப்பட்டால் டிங்கரிங் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

எல்லாம் முடிந்த பிறகு ஸ்ட்ரைக்கரைத் தளர்வாக மாட்டி, கதவை மெதுவாக மூடி, அது தானாக உட்காரும் இடத்தில் இறுக்குங்கள். கதவுதான் ஸ்ட்ரைக்கரின் இடத்தைச் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: பானட்டும் டிக்கியும்

ஹெரால்டின் பானட் இரண்டு மட்கார்டையும் ஹெட்லைட்டையும் சுமந்துகொண்டு முன்னோக்கி எழும். அகலமான, வளையும் பொருள். ஒருவர் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கினால் முறுகும். முன்னால் உள்ள கீல் பிராக்கெட்டுகள்தான் முன்பின் தூரத்தையும் முன்முனை உயரத்தையும் முடிவு செய்கின்றன. பின்முனை பல்க்ஹெட்டில் உள்ள ரப்பர் கூம்புகளில் போய் உட்காரும். அவற்றைத் திருகி ஏற்றி இறக்கலாம்.

முதலில் பக்கவாட்டுப் பூட்டுகளைக் கழற்றிவிடுங்கள். அவை இழுத்துப் பிடித்தால் கேப் பொய் சொல்லும், ஸ்ட்ரைக்கரைப் போலவே. ரப்பர் கூம்புகளையும் முழுக்க இறக்கிவிடுங்கள். கீல் பிராக்கெட்டை நகர்த்தி, பானட்டின் பின்விளிம்புக்கும் பல்க்ஹெட்டுக்கும் உள்ள கேப் இருபுறமும் ஒன்றாகும்வரை பாருங்கள். ஒருபுறம் மட்டும் முன்னே தள்ளினால் மறுபுறப் பின்மூலையும் நகரும். அதனால் கால் மி.மீ. கணக்கில் நகர்த்துங்கள். பிறகு கூம்புகளை ஒவ்வொன்றாக ஏற்றி, பானட்டின் பின்முனையைப் பல்க்ஹெட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் பூட்டு. பூட்டுவதற்கு ஒரு விரலின் பலம் போதுமானதாக இருக்க வேண்டும்.

டிக்கி மூடி எளிது. கீல் பக்கம் முதலில், பூட்டுப் பக்கம் பிறகு.

ஐந்தாம் படி: குரோமும் பட்டைகளும், பெயிண்டுக்கு முன்பே

இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் மிக நல்ல டிங்கரிங் செய்த வண்டிகள் இந்த இடத்தில் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். பம்பர், ஹெட்லைட் வளையம், பக்கவாட்டுப் பட்டை, எழுத்துகள், கதவுக் கைப்பிடி என எல்லாவற்றையும் வெறும் பிரைமர் அடித்த பாடியில் ஒருமுறை முழுதாக மாட்டிப் பாருங்கள். மாற்றிய தகட்டில் துளை இருக்காது. அல்லது தவறான இடத்தில் இருக்கும். துளையிட வேண்டியது இப்போதுதான்.

பட்டைக்கான கோட்டைப் பிடிக்க, முன்மட்கார்டிலிருந்து பின்மட்கார்டுவரை ஒரு கட்டு நூலை இழுத்துக் கட்டி, அதையொட்டி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நூலை எடுத்துவிட்டு இருபதடி தள்ளிப் போய் உட்கார்ந்து பாருங்கள். பாடி வளைந்திருப்பதால் அளவில் நேரான கோடு கண்ணுக்குத் தொங்குவதுபோலத் தெரியலாம். அப்போது பாடியின் மடிப்புக் கோட்டுக்கு இணையாக டேப்பை நகர்த்துங்கள். அளவும் கண்ணும் சண்டையிட்டால் நான் கண்ணின் பக்கம்தான் நிற்பேன். ஒரே ஒரு விதி: கேப் இருக்கும் இடங்களில், பானட்டில் முடியும் பட்டையும் அதற்குப் பின்னால் தொடங்கும் பட்டையும் ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும். அதை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கோட்டை விரியுங்கள்.

நெளிந்த பட்டையை இரும்புச் சுத்தியலால் தட்டாதீர்கள். மணல் மூட்டையின்மேல் குப்புற வைத்து, சின்ன மரச்சுத்தியால் உள்பக்கத்திலிருந்து தட்டுங்கள். பிறகு நைஸ் உப்புத்தாள், பிறகு பாலிஷ். பம்பரைக் குரோம் பூசக் கொடுக்கும் முன்பே வண்டியில் மாட்டி, இடமும் வலமும் தரையிலிருந்து ஒரே உயரமா, பாடியிலிருந்து ஒரே தூரமா என்று பார்த்து வளைத்துச் சரிசெய்துவிடுங்கள். குரோம் பூசிய பிறகு வளைத்தால் முலாம் வெடித்து உரியும். கொடுக்கும்போது படம் எடுத்து, துளைகளின் தூரத்தை எழுதி வையுங்கள். எனக்கு ஒரு பட்டறையில் பஃபிங் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்துத் துளைகளை நீள்வட்டமாக்கிவிட்டார்கள். படமும் அளவும் இருந்ததால்தான் பேச முடிந்தது.

முன்கண்ணாடியையும் இப்போதே வெறுமனே வைத்துப் பாருங்கள். பீடிங் இல்லாமல், சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளின்மேல் உட்காரவைத்தால் சுற்றிலும் இடைவெளி சமமா என்று தெரியும். ஒரு மூலையில் நெருக்கமாக இருந்தால் பின்னாளில் கண்ணாடி விரிசல் விடுவது அந்த மூலையில்தான்.

திருப்தியானதும் ஒவ்வொரு கீலும் பிராக்கெட்டும் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஊசியால் கோடு கீறுங்கள். கீலிலும் பில்லரிலும் 3 மி.மீ. துளை ஒன்றைச் சேர்த்துப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. திரும்ப மாட்டும்போது அந்தத் துளையில் டிரில் பிட்டைச் செருகினால் கதவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

பெயிண்டுக்குப் பிறகு

பிரைமரும் பெயிண்டும் சேர்ந்து ஒவ்வொரு விளிம்பிலும் கால் மி.மீ. வரை ஏறும். இரண்டு விளிம்பும் சேர்ந்து அரை மி.மீ. கேப் குறையும். அதை முன்பே கணக்கில் விட்டிருக்க வேண்டும். பெயிண்ட் காய ஒரு வாரமாவது கொடுங்கள். மாட்டும்போது இரண்டு பக்க விளிம்புகளிலும் மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

முன்கண்ணாடியை மாட்ட, பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, பாடி விளிம்பில் உட்காரும் பள்ளத்தில் மெல்லிய நைலான் கயிறு சுற்றி, இரண்டு முனையும் உள்ளே தொங்கும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுத்தால் ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறிவிடும். அவசரப்படாதீர்கள்.

பட்டைகளின் கிளிப் ஒவ்வொன்றின் பின்னும், துளையின் விளிம்பிலும், துருத் தடுப்புப் பெயிண்டைத் தொட்டு வையுங்கள். பழைய ஹெரால்டுகளில் பட்டைக்குப் பின்னால்தான் துரு ஒளிந்திருக்கும்.

புதுக் கதவு பீடிங் பழையதைவிடத் தடிப்பாகவே வரும். கதவு மூடாது. உடனே கீலைத் தொடாதீர்கள். கதவை முதல் பூட்டில் மாட்டி, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் விடுங்கள், ரப்பர் படியும். பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தோடு வர வேண்டும். சும்மா வந்துவிடும் இடத்தில் மழைத்தண்ணீரும் வரும். அடுத்துத் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் அடியுங்கள், கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எந்த இடத்தில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும்.

500 கி.மீ. ஓட்டிய பிறகு பாடி மவுண்ட் போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கி, டேப்பில் எழுதிய பழைய அளவுகளோடு கேப்பை மறுபடி ஒப்பிடுங்கள். என் வண்டியில் இடது பின் மவுண்ட் மட்டும் அரைச் சுற்று இறங்கியிருந்தது. இறுக்கியதும் கதவு முன்புபோலவே மூடியது.